பின்னால் வரும் வண்டி

1

எங்கள் வீட்டுக்கு அடுத்த பெரிய சாலையில் இருந்த சைக்கிள் பாதையைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வெள்ளைக் கோடுகளைச் சுரண்டினார்கள். கார்கள் உள்ளே வராமல் இருக்க நட்டிருந்த பிளாஸ்டிக் கம்பங்களைப் பிடுங்கி லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையைப் போடுவதற்கு இந்த ஊர் நகரசபை வருடக்கணக்காகக் கூடிக் கூடிப் பேசியது. பிடுங்குவதற்கு ஒரு காலைப் பொழுது போதுமானதாக இருந்தது.

கனடாவில் ஏதோ ஓர் ஊரில் சைக்கிள் பாதை இருந்தால் என்ன, போனால் என்ன என்று சேலத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். நியாயம்தான். என் மகள் தினமும் அந்தப் பாதையில் கல்லூரிக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மகள் பெயர் இனியா. இருபது வயது. இங்கேயே பிறந்தவள். வீட்டில் கார் இருக்கிறது, வாசலில் பஸ் வருகிறது, இருந்தும் மழையோ குளிரோ சைக்கிள்தான். பனி கொட்டுகிற மாதங்களில்கூட சக்கரத்துக்கு முள் வைத்த டயர் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பூமி சூடாவதைப் பற்றி எனக்கும் என் மனைவி மல்லிகாவுக்கும் வகுப்பு எடுப்பாள். நாங்கள் தலையாட்டுவோம். பூமிக்கு என்ன ஆகும் என்பதைவிட அந்த வளைவில் திரும்புகிற சிமென்ட் கலவை லாரி இவளைப் பார்த்ததா என்பதுதான் எங்கள் கவலை.

நான் பயந்தாங்கொள்ளி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற வேண்டாம். மருந்துக் கிடங்கில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். அவள் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி அனுப்பும்வரை எனக்கு வேலை ஓடாது. ஒரு நாள் அனுப்ப மறந்துவிட்டாள். அன்று குளிரில் வைக்க வேண்டிய மருந்துப் பெட்டிகளை வெளியில் அடுக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்தவர் தடுத்ததால் தப்பித்தேன்.

2

விசித்திரம் என்னவென்றால், சின்ன வயதில் எனக்கு இந்தப் பயம் கிடையாது.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்கு நாமக்கல் சாலையில் சைக்கிளில் போவேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் வரும், வாழைத்தார் லாரி வரும், கரூர் பஸ் உயிரே போகிற மாதிரி வரும். சாலையில் ஆட்கள் சாகாமல் இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் மாலை போட்ட படங்கள் இருந்தன. அந்தக் காலம் பொன்னான காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் சாலையில் போகும்போது நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

காரணம் ஹாரன். நம் பக்கத்தில் ஹாரன் என்பது கோபம் இல்லை, தகவல். பின்னால் வருகிறவன் "நான் வாரேன், நீ இருக்கிற இடத்திலேயே நேராகப் போ, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். முன்னால் போகிறவனுக்கு ஒரே ஒரு வேலைதான், ஆடாமல் போவது. திரும்பிப் பார்ப்பது, ஒதுங்குவது, பதறுவது எல்லாம் தப்பு. நாமக்கல்லில் கட்டுகிற லாரிகளின் முதுகில் ஹாரன் அடிக்கவும் என்று எழுதியிருக்கும். லாரியே கேட்டு வாங்கிக்கொள்கிற மரியாதை அது.

கனடா வந்த புதிதில், கார் வாங்கக் காசு இல்லாத நாட்களில், நானும் இங்கே சைக்கிள் ஓட்டினேன். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டிகள் பூனை மாதிரி வந்து முழங்கையை உரசிக்கொண்டு போயின. பார்த்தானா இல்லையா என்று தெரியாது. என் கழுத்து வலித்தது, திரும்பித் திரும்பிப் பார்த்து. பயம் எனக்கு முதன்முதலாக வந்தது அப்போதுதான்.

ஒரு நாள் பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். ஆகா, நம்மைக் கவனித்து ஒரு நல்ல மனிதர் தகவல் சொல்கிறார் என்று எனக்கு மனசே குளிர்ந்துவிட்டது. திரும்பாமலே கையைத் தூக்கி நன்றி சொன்னேன். அவர் மறுபடியும் அடித்தார். நான் மறுபடியும் கையைத் தூக்கினேன். அவர் என்னைத் தாண்டி, காரைக் குறுக்கே நிறுத்தி, இறங்கி வந்து, வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. கெட்ட வார்த்தைகள் எல்லா மொழியிலும் புரிந்துவிடுகின்றன. இங்கே ஹாரன் என்பது வசவு என்பது அன்று தெரிந்தது. கொஞ்ச நாளில் சைக்கிளை விற்றுவிட்டேன்.

இதை இனியாவிடம் வேடிக்கைக் கதையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

3

போன டிசம்பரில் நானும் இனியாவும் சேலம் போயிருந்தோம். என் அக்கா சரசுவின் வீடு அஸ்தம்பட்டியில். அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், லாரி வைத்திருக்கிறார். தினமும் காலையில் பேப்பரை விரித்துவைத்து ஏதாவது ஒன்றின்மேல் கோபப்படாவிட்டால் அவருக்குக் காபி இறங்காது.

அந்த வாரம் அவர் கோபத்துக்கு அகப்பட்டது சைக்கிள் பாதை. ஊரில் சாலைகளை அகலப்படுத்தினால் ஓரத்தில் சைக்கிளுக்கும் தனி இடம் விட வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று யாரோ எங்கேயோ பேசியிருந்தார்கள். நடக்கப்போகிற காரியமா என்றுகூடத் தெரியாது. மச்சானுக்கு அதுவே போதும்.

"என்னுங்க மாப்ள, கேட்டீங்களா கதைய? சைக்கிளுக்குத் தனி ரோடாமா. இங்க வண்டிய நிறுத்தவே எடமில்ல. கோட்டப் போட்டு வெச்சா மக்யா நாளே அதுல நாலு பைக்கு நிக்கும், ஒரு இளநிக்கடை வந்துரும். காசு போனது போனதுதான்."

"ரோட்டுல யாரு மாமா சைக்கிள்ல போறாங்க இப்போ?" என்று இனியா கேட்டாள்.

"அதத்தான அம்முணி நானும் சொல்றேன். எவன் போறான்? எல்லாருந்தான் பைக்கு வாங்கீட்டாங்களே."

அக்கா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏன், பள்ளிக்கூடத்துப் புள்ளைக போறதில்லையா? அம்மாபேட்டையில தறிக்குப் போறவங்க போறதில்லையா? நம்மூட்டுக்குப் பாத்திரம் கழுவ வார ராணி எதுல வாரா? உங்க கண்ணுக்கு லாரி மட்டுந்தான் தெரியும்."

"அவங்கல்லாம் இவ்வளவு நாளும் நல்லாத்தான போயிட்டு வாராங்க?"

"ராணியக் கேளுங்க. ரெண்டு தடவை உழுந்து எந்திரிச்சவ அவ."

இனியாவுக்கு முகமெல்லாம் பல். இரண்டு நாட்டிலும் ஒரே சண்டைதான் அப்பா என்றாள். கனடாவில் எங்கள் ஊர் நகரசபைக் கூட்டத்தில் கடைக்காரர்கள் பேசுவதை அப்படியே மொழிபெயர்த்தால் மாமா பேசுவதுதான் என்றாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாக, ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஆனந்த் அத்தானோட சைக்கிள் கார் ஷெட்டுல இருக்குல்ல, அத்தை? நான் நாளைக்கு எடுத்துக்கவா? பேசறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்கணும்ல."

ஆனந்த் அக்காவின் மகன். நான் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தேன். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். இங்கே வேறு மாதிரி என்றேன். எப்படி வேறு என்றாள். நான் பயந்தாங்கொள்ளி, எனக்கு விளக்கமும் வராது. இங்கே இடப்பக்கம் போக வேண்டும், அதை மட்டும் மறக்காதே என்று நூறு தடவை சொன்னேன். தெரியும் என்று நூறு தடவை சொன்னாள். கடைசியில், நான் மச்சானின் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவேன் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். மச்சான் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். லாரிக்காரருக்கு எந்தச் சக்கரமும் தொய்ந்து இருக்கக்கூடாது.

4

மறுநாள் காலையில், பள்ளிக்கூடக் கூட்டம் ஓய்ந்த பிறகு கிளம்பினோம். ஏற்காடு போகிற சாலை. அவள் முன்னால், நான் கொஞ்சம் தள்ளி. நன்றாகத்தான் ஓட்டினாள். இடப்பக்க ஓரத்தை விட்டு அசையவில்லை. சாக்கடை மூடி வந்தால் விலகி, நிற்கிற ஆட்டோவைச் சுற்றி, கையைக் காட்டித் திரும்பி, ஒழுங்காகப் போனாள். பழக்கடைக்காரர் ஒருவர் அவளுடைய ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தார். சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டு அவர் பார்த்திருக்க மாட்டார்.

எனக்குக்கூட மெல்லத் தைரியம் வந்தது. காற்று குளிர்ச்சியாக இருந்தது. நம் ஊர்தானே, நான் திரும்பிப் பார்க்காமல் போன சாலைகள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. என் உடம்பு தானாகவே பழைய வேலையைச் செய்தது. ஹேண்டிலை இறுக்கினேன், நேராகப் போனேன், திரும்பவில்லை. பஸ் என்னைத் தாண்டியது. டிரைவர் அழகாக இடம் விட்டுத்தான் போனார். எனக்கு மனசில் ஒரு நிம்மதிகூட வந்தது, பழைய சிநேகிதர் தோளில் தட்டிவிட்டுப் போன மாதிரி.

அடுத்த நொடி எனக்குப் புரிந்தது. இதே ஹாரன் இப்போது அவளுக்கும் அடிக்கும். ஹாரன் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. சேலத்துப் பக்கம் வளர்ந்த யாருக்கும் தோன்றாது.

பஸ் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸின் பின்கண்ணாடியும் கம்பியைப் பிடித்து நின்ற இரண்டு முதுகுகளும்தான். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஹாரன் கேட்டது, நீளமாக. பிறகு பிரேக். பஸ் முழுக்க முன்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். உள்ளே யாரோ ஒரு பெண் "அய்யோ" என்றது தெளிவாகக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு முன்கண்ணாடி வழியாகத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம் அதுதான். ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸின் நீளம் முடியவே இல்லை.

சைக்கிள் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் கிடந்தது. இனியா அதற்கும் அப்பால், தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். முழங்காலிலும் உள்ளங்கையிலும் ரத்தம். வேறு ஒன்றுமில்லை.

நடந்தது இதுதான். அங்கே, கனடாவில், எல்லாம் சாலையின் வலப்பக்கம் போகும். பின்னால் ஏதாவது வந்தால் இன்னும் வலப்பக்கமாக ஒதுங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து, பத்து வருடமாக உடம்பில் ஊறியது. இங்கே இடப்பக்கம் போக வேண்டும் என்பது அவளுக்கு மண்டையில் இருந்தது. ஆனால் காதுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அலறியதும் மண்டை நின்றுவிட்டது. யாரோ கோபத்தில் இடிக்க வருகிறார்கள் என்று நினைத்து, ஹேண்டிலை வெடுக்கென்று வலப்பக்கம் ஒடித்திருக்கிறாள். நேரே பஸ்ஸின் பாதையில்.

கண்டக்டர் குதித்து இறங்கி வந்தார். "ஏம்மா, அந்தத் தண்டி ஆரன் அடிக்குதே, நேராப் போக வேண்டியதுதான? எதுக்கு சாமி உள்ள உழுந்த?"

டிரைவர் இறங்கவில்லை. என் வயது இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.  நான் படியில் ஏறி மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"நான் ஆரன் அடிச்சனுங்க. அடிச்சா அப்படியே போவாங்கன்னுதானுங்க அடிச்சேன். ஆரன் அடிச்சா யாருங்க குறுக்கால வருவாங்க? எனக்கும் பொட்டப்புள்ள இருக்குதுங்க."

அவர் தப்பு எதுவும் செய்யவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓரத்தில் இருந்த டீக்கடைக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து இனியாவின் கையைக் கழுவிவிட்டார். பயணிகள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். பஸ் கிளம்பியது. கிளம்பும்போது பழக்கதோஷத்தில் ஒரு ஹாரன் அடித்தது. இனியா என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

5

"என்னை அவர் பார்த்துட்டார்ல?" என்று வீட்டில் கேட்டாள். அக்கா முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். "பார்த்தாச்சுன்னா அப்புறம் எதுக்கு ஹாரன்?"

"பாத்துட்டேன்னு சொல்லத்தான் கண்ணு ஆரனே" என்றார் மச்சான்.

"அது எனக்கு எப்படி மாமா தெரியும்?"

 முந்தின நாள் பேப்பரைப் பார்த்துக் கோபப்பட்ட மனிதர் அன்றைக்கு முழுவதும் சைக்கிள் பாதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாலையில் அவரே சைக்கிளைத் துடைத்து, வளைந்த மட்கார்டை நிமிர்த்தி, ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு வந்தார். "இருந்தாலும் மாப்ள" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார், "ஓரமா ஒரு எடம் இருந்துச்சுன்னா, அந்த டிரைவருக்கும் நிம்மதிங்க." அவ்வளவுதான், அதற்குமேல் போகவில்லை. கட்சி மாறியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவருக்குக் கவனம் உண்டு.

அக்கா எனக்குத் திருநீறு பூசிவிட்டாள். மல்லிகாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சுருக்கிச் சொன்னேன். "சின்னச் சிராய்ப்பு" என்றேன். அவள் என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, நீங்க பின்னால போயி என்னத்தப் பாத்தீங்க?" என்று கேட்டாள். பஸ்ஸின் முதுகைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது.

இனி அவள் சைக்கிளைத் தொடமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட இருந்தது. கனடா திரும்பிய மறுவாரம், முழங்காலில் பொருக்கு உதிர்வதற்குள், முள் டயரை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போனாள்.

6

அந்த வசந்த காலத்தில்தான் எங்கள் சாலைச் சைக்கிள் பாதையை எடுப்பதா வைப்பதா என்று நகரசபை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பாதையைச் சரிசெய்து தடுப்புச் சுவர் கட்டப் பணம் ஒதுக்குவது ஒரு யோசனை. அதை எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் கார்களுக்குச் சாலையை அகலமாக்குவது இன்னொன்று. விளக்குக் கம்பங்களில் அட்டை கட்டினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் வீடு வீடாக வந்தார்கள்.

"நீங்க பேசணும்ப்பா" என்றாள் இனியா. "சைக்கிள்காரங்க பேசினா யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க கார் ஓட்டறவங்க."

பேச விரும்புகிறவர்கள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பாதைக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று ஒரு கட்டத்துக்குள் குறிக்க வேண்டும். நான் எதையும் குறிக்காமல் அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, ஏதாவது ஒன்றைக் குறித்தால்தான் பெயரைச் சேர்க்க முடியும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் குரல் கேட்டது.

எனக்கு இருந்தது. பாதையை எடுத்துவிட்டால் இவள் பயந்துபோய்ப் பஸ்ஸில் போவாள் அல்லவா? அப்படியென்றால் பாதை வேண்டாம் என்கிற அந்தக் கடைக்காரர்கள்தானே என் கட்சி? இரண்டு நாள் இந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஒருவேளை பாதைய எடுத்துட்டா என்ன பண்ணுவே சாமி?"

"ரோட்ல போவேன்" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் கணக்கு அங்கேயே முடிந்துபோனது. ஆதரவு என்று குறித்து அனுப்பினேன்.

கூட்டத்தில் குப்பண்ணன் என்று கூப்பிட்டார்கள். அது என் அப்பா பெயர். இந்த நாட்டில் எனக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர், எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது நான் ஒரு கணம் அவரைத் தேடத்தான் செய்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். கடை வாசலில் கார் நிறுத்த முடியாததால் வியாபாரம் படுத்துவிட்டது, அடுத்த வருடம் கடை இருக்குமா என்று தெரியவில்லை என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. அவரை எதிரியாக நினைத்துக்கொண்டு போனவன் நான். அவரும் என்னைப்போலவே பயந்துபோயிருந்தார்.

நான் எழுதி எடுத்துப் போனதில் முதல் இரண்டு வரிக்குமேல் கண்ணுக்குத் தெரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நான் சைக்கிள் ஓட்டுவதில்லை. எனக்குப் பயம். என் மகள் ஓட்டுகிறாள். நீங்கள் பாதைக்குப் பணம் கொடுத்தாலும் ஓட்டுவாள், கொடுக்காவிட்டாலும் ஓட்டுவாள்" என்றேன்.  சேலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் இருந்து ஓடியதைச் சொல்ல நினைத்தேன். அதை இவர்களுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது? நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. தலைவர் நன்றி சொன்னார்.

பாதையை எடுப்பது என்று முடிவானது. வெளியில் வந்ததும் இனியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றாகப் பேசினீர்கள் என்றாள். அவள் பொய் சொல்லும்போது எனக்குத் தெரியும், இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

7

கோடுகளைச் சுரண்டிய மறுநாளிலிருந்து நான் என் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். மல்லிகாவிடம் கிடங்கில் ஆள் இல்லை என்றேன். உண்மையில் இனியா கிளம்பியதும் காரை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே போனேன். இரண்டு மூன்று கார்களை நடுவில் விட்டுக்கொண்டு, அவளுடைய சிவப்பு விளக்கு தெரிகிற தூரத்தில். கல்லூரி வாசலில் அவள் திரும்பியதும் நான் வேறு வழியாகக் கிடங்குக்குப் போய்விடுவேன். தப்பா சரியா என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பின்னால் நான் இருக்கிறவரை, அவளைப் பார்த்துவிட்டவன் ஒருவனாவது அவளுக்குப் பின்னால் இருக்கிறான் என்பது எனக்கு நிச்சயம். அந்த ஒரு நிச்சயம் எனக்கு வேண்டியிருந்தது.

நேற்று விடிந்தும் விடியாத மாதிரி ஒரு காலை. மழை. எல்லாக் கார்களும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. நடுவில் இருந்த கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனதில் அவளுக்கு நேர் பின்னால் நான் மட்டும் இருந்தேன். ஈரத்தில் அவள் மெதுவாகப் போனாள். நானும் மெதுவாகப் போனேன். தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பொறுமை போய் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு தடவை, பிறகு உடனே இன்னொரு தடவை. வேகமாக மிதித்தாள். அவள் வேகமாகப் போகிறாளே, வழுக்குமே என்று நானும் வேகத்தைக் கூட்டினேன். அடுத்த சந்திப்புக்கு முன்னால் அவள் சட்டென்று நடைபாதையில் ஏறி, சைக்கிளைச் சுவரோடு சாய்த்துவிட்டு நின்றாள். விழுந்துவிடப் போகிறாளோ என்ற பதற்றத்தில் நானும் ஓரமாக, பாதிச் சாலையை அடைத்தபடி, நிறுத்திவிட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்க்கவில்லை. சுவரை ஒட்டி நின்றுகொண்டு, என் விளக்குகளையே பார்த்தபடி, பையிலிருந்து போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. மறுபடியும் அழுத்தினாள்.

என் பக்கத்து இருக்கையில் போன் அடித்தது.

எடுத்தேன். "அப்பா" என்றாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருந்த குரல். "எங்கப்பா இருக்கீங்க? ஒரு கார் என் பின்னாலேயே வருது. நான் நின்னா அவனும் நின்னுட்டான். இங்கதான் நிக்கிறான். பயமா இருக்குப்பா. கொஞ்சம் வர்றீங்களா?"

அவள் உதடு அசைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. குரல் கையில் கேட்டது. இதோ வாரேன் என்று சொல்லிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காப்பாற்ற வந்த அப்பாவாகவே இருந்துவிடலாம். நாளையிலிருந்து அவள் பஸ்ஸில் போவாள். நான் இவ்வளவு நாள் கேட்டதெல்லாம் அதுதானே.

"அது நான்தான் சாமி" என்றேன்.

 நான் விளக்கை அணைத்தேன். காரை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பது அவள் தோள் இறங்கியதில் தெரிந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"கோட்ட அழிச்சதிலேருந்து."

"ஏம்ப்பா?"

"பயமா இருந்துச்சு சாமி."

"எனக்கு உங்களைத் தெரியவே இல்லப்பா" என்றாள். "வெறும் லைட்டுதான் தெரிஞ்சுது." பிறகு, "இனிமே பின்னால வராதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சைக்கிளை இறக்கி, ஏறி உட்கார்ந்து, கையை நீட்டிக் காட்டிவிட்டுச் சாலையில் கலந்தாள். ஒரு பெரிய லாரி அவளுக்குப் பின்னால் போனது. லாரி போன பிறகு அவளைக் காணவில்லை, அடுத்த சிக்னல் விளக்கில்தான் மறுபடியும் தெரிந்தாள். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிரேக்கிலிருந்து காலை நான் எடுக்கவில்லை.